கிளாடிங்: ‘உறைப்பூச்சு’ அன்று, போர்வைத் தகடு

லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரத்தில் 2017-இல் பற்றிய தீயைப் பற்றித் தமிழில் எழுதப்படும் செய்திகளில் ‘உறைப்பூச்சு’ என்ற சொல் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கிளாடிங் என்பதற்கு மொழிபெயர்ப்புக் கருவிகள் தரும் சொல் அது. கிளாட் என்றால் ‘உடுத்திய’ என்று பொருள். துணியைக் குறிக்கும் கிளாத் அதன் உறவுச் சொல். கட்டடத்துக்கு வெளிப்புறம் உடுத்தப்படுவது கிளாடிங். சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

பிழை ‘பூச்சு’ என்பதில் இருக்கிறது. பூசு என்ற வினைக்குக் குழைவாக இருக்கும் ஒன்றைத் தடவி ஒட்டச் செய்வது என்பதே பொருள். சந்தனமும் சாந்தும் சுண்ணாம்பும் பூசப்படுபவை. ‘பூச்சு வேலை’ என்று சொன்னால் கொத்தனார் கரண்டியைத்தான் எடுப்பார். கிரென்ஃபெல் சுவரில் எதுவும் பூசப்படவில்லை. அரை மில்லிமீட்டர் அலுமினியத் தாள்கள் இரண்டுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வைத்த தகடுகள், சட்டங்களில் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் பின்னால் ஓர் இடைவெளி, அதன் பின்னால் வெப்பத்தடுப்புப் பலகை, அதற்கும் பின்னால்தான் கான்கிரீட். ‘உறை’ என்று மட்டும் எழுதினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘பூச்சு’ சேர்ந்தவுடன் இந்த நான்கு அடுக்குகளும் ஒரே கோட் பெயின்டாகிவிடுகின்றன.

இது வெறும் தூய்மைவாதம் என்று ஒதுக்குவோர், தீ விபத்து விசாரணை அறிக்கைக்குத் தயாரிப்பாளர்கள் தந்த பதில்களை இந்தச் சொல்லோடு படித்துப் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 14 அன்று பற்றி, இந்தத் தகடுகள் வழியே பரவிய தீக்கு 72 பேர் பலியாயினர். 2024 செப்டம்பர் 4 அன்று வெளியான விசாரணை இறுதி அறிக்கை, தகட்டையும் வெப்பத்தடுப்புப் பலகையையும் செய்து விற்றவர்களிடம் திட்டமிட்ட நேர்மையின்மை இருந்ததாகச் சொன்னது. தகடு ஆர்கோனிக் குழுமத்தின் பிரெஞ்சு நிறுவனத்துடையது. பாதுகாப்பற்ற பொருளை விற்றதாகச் சொல்வதை ஏற்கவில்லை என்று ஆர்கோனிக் மறுத்தது. வெப்பத்தடுப்புப் பலகை செய்த கிங்ஸ்பான் நிறுவனமோ, தன் பிரிட்டன் பிரிவில் நேர்ந்த தவறுகளை ஒப்புக்கொண்டு, அவை இத்துயரத்துக்குக் காரணமாகவில்லை என்றது. அதன் வெப்பத்தடுப்புப் பலகை கோபுரத்தில் சிறு பங்கே இருந்தது என்பதும், தகட்டை அது செய்யவில்லை என்பதும் உண்மை. 2005-இல் நடந்த ஒரு தீச்சோதனையை, பொருளின் செய்முறை மாறிய பின்னும் 2020 வரை சான்றாகக் காட்டி வந்தது என்பதும் உண்மை. இந்தப் பதில்களில் எது நியாயம், எது நழுவல் என்று எடைபோட, தகடு வேறு, தடுப்புப் பலகை வேறு என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘உறைப்பூச்சு நிறுவனங்கள் விளக்கம்’ என்று தலைப்பிட்டால் இருவர் பதிலும் ஒன்றாகிவிடுகிறது. (மறுப்பை ‘விளக்கம்’ என்று எழுதுவது இன்னொரு நோய், விளங்க வைப்பதுதான் விளக்கம்.)

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘போர்வைத் தகடு’. போர்த்தியதை எடுத்துவிடலாம், போர்வைக்கும் உடலுக்கும் இடையே காற்று இருக்கும். கிளாடிங்கின் இயல்பும் அதுவே. கல்லாகவோ மரமாகவோ இருந்தால் ‘சுவர்ப்போர்வை’ என்று பொதுவாகச் சொல்லலாம். நம் ஊர்க் கடை முகப்புகளில் இதை வேலையாட்கள் ‘ஏசிபி ஷீட்’ (ஏசிபி என்பது அலுமினியக் கூட்டுத் தகடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்கிறார்கள். அது தூய தமிழன்று, ஆனால் ஷீட்டைப் பூச்சென்று அவர்களில் ஒருவரும் சொல்வதில்லை. கருவியின் சொல்லைச் சரிபார்க்காமல் அச்சேற்றும் மொழிபெயர்ப்பாளரைவிட அவர்கள் பொருளறிந்து பேசுகிறார்கள். புதுச்சொல் பிடிக்காதவர்கள் கிளாடிங் என்றே எழுதட்டும். தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

கிரென்ஃபெல்லுக்குப் பிறகு பிரிட்டன் முழுவதும் அடுக்குமாடிகளில் இத்தகடுகளைக் கழற்றி மாற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீள்கிறது, அதன் செலவு யார் தலையில் என்பதில் குடியிருப்போர் போராடி வந்திருக்கிறார்கள். ‘உறைப்பூச்சு அகற்றும் பணி’ என்று படிக்கும் தமிழ் வாசகர், சுவரைச் சுரண்ட இத்தனை ஆண்டா என்றுதான் கேட்பார்.