மூழ்கிய சம்பா எப்படிப் பிழைக்கிறது?

பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்ததில் தன் சம்பா அழுகிவிட்டது, பக்கத்து வயலில் மட்டும் தண்ணீர் வடிந்ததும் குருத்து விட்டிருக்கிறது, அது சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் என்கிறார்கள், அந்த 'சப் 1'இல் என்னதான் இருக்கிறது என்று திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

இருப்பது சப்1ஏ என்ற ஒரு மரபணு. டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்பதெல்லாம் பள்ளிப் பாடம்தான். ஆனால் எல்லா மரபணுவும் எந்நேரமும் வேலை செய்வதில்லை. இதுவும் வயல் நன்றாக இருக்கும்போது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும்.

சரி, தண்ணீர் ஏறியது அதற்கு எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நெற்பயிர் எப்போதும் கொஞ்சம் எத்திலீனை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு. காற்றில் நிற்கும் பயிரிலிருந்து அது உடனுக்குடன் வெளியேறிவிடும். தண்ணீரிலோ வாயு பரவும் வேகம் காற்றில் உள்ளதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. வெளியேற வழியில்லாமல் எத்திலீன் இலைக்குள்ளேயே சேர்கிறது. வெள்ளத்தை உணரத் தனி உறுப்பு வேண்டியதில்லை. வாயு தேங்கியதே சேதி.

சேதி கிடைத்ததும் சப்1ஏ இயங்கத் தொடங்குகிறது. அது தரும் புரதம் மற்ற மரபணுக்களை ஏவுகிற வகை. அதன் ஏவலில் எஸ்.எல்.ஆர்.1 போன்ற புரதங்கள் பெருகி, பயிரை நீளவைக்கும் ஜிப்பரலின் ஹார்மோனை மட்டுப்படுத்துகின்றன. சாதாரண ரகம் தண்ணீருக்கு மேலே தலைகாட்டப் பார்த்து நீண்டுகொண்டே போய், இருக்கும் மாவுச்சத்தையெல்லாம் தீர்த்துவிட்டு, தண்ணீர் வடியும்போது துவண்டு சாய்ந்துவிடும். சப் 1 நீளாமல் சத்தைச் சேமித்துக்கொண்டு இரண்டு வாரம் வரை தாங்கும். தண்ணீர் வடிந்ததும் எத்திலீன் கலையும், மரபணு அடங்கும், மிச்சமிருக்கும் சத்தில் குருத்து கிளம்பும்.

ஆழநீர் நெல்லில் இதற்கு நேர்மாறு. 2009இல் கண்டறியப்பட்ட ஸ்நார்கெல் மரபணுக்கள் இதே குடும்பம்தான், எழுப்புவதும் இதே எத்திலீன்தான். ஆனால் அவை பயிரை ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரவைத்துவிடும். மாதக்கணக்கில் வடியாத வெள்ளத்துக்கு அந்த வழி. சில நாளில் வடிகிற நம் டெல்டா வெள்ளத்துக்கு இந்த வழி.

சப்1ஏ 2006இல் அடையாளம் காணப்பட்டது. கிடைத்த இடம், ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து வந்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம். விளைச்சல் குறைவென்று அதைத் தூக்கிப் போட்டிருந்தால் இன்று இந்த மரபணுவே நம் கையில் இல்லை. நம் பக்கத்து மடுமுழுங்கி என்ற நாட்டு நெல்லையும் இப்படித் துருவிப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்தில் பலனைக் காட்டு என்று கேட்கிற நிதியை வைத்துக்கொண்டு அது நடக்காது.

அப்புறம், வாசகருக்கு ஒன்று: நட்ட பிறகு தூர் கட்டுகிற பருவத்தில்தான் சப் 1 கைகொடுக்கும். பூக்கிற நேரத்தில் மூழ்கினாலும், வடிகால் அடைத்துத் தண்ணீர் மூன்றாவது வாரமும் நின்றாலும், அதை நம்பி இருக்க முடியாது.