டர்போ: பம்பரத்தில் பிறந்த சொல்

காரின் பின்கதவில் ‘டர்போ’ என்று எழுதியிருந்தால் அது வேகமான வண்டி என்று எடுத்துக்கொள்கிறோம். மின்விசிறி, துணி துவைக்கும் எந்திரம் என்று வீட்டுச் சாமான்கள் வரை இந்தச் சொல் ‘அதிவேகம்’ என்ற பொருளில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் சொல்லின் வேரில் இருப்பது சுழற்சி. கருவி செய்யும் வேலையோ எஞ்சினுக்குக் காற்று ஊட்டுவது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால்தான் இதற்குச் சரியான தமிழ்ச்சொல் கிடைக்கும்.

லத்தீனில் ‘டர்போ’ என்றால் பம்பரம். சூறைக்காற்றுக்கும் அதே சொல். 1822-ல் பிரான்சைச் சேர்ந்த குளோட் பர்தென் என்ற பொறியாளர், நீரால் சுழலும் சக்கரத்துக்கு இதிலிருந்தே ‘டர்பைன்’ என்று பெயர் வைத்தார். புகையால் சுழலும் டர்பைனை 1905-ல் எஞ்சினோடு இணைத்துக் காப்புரிமை கோரியவர் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி. முதலில் இதன் முழுப்பெயர் ‘டர்போ சூப்பர்சார்ஜர்’. நடுவில் இருந்த ‘சூப்பர்’ உதிர்ந்து ‘டர்போசார்ஜர்’ ஆயிற்று. பணிமனையில் ‘சார்ஜர்’ என்பதும் உதிர்ந்து ‘டர்போ’ மட்டும் நின்றுவிட்டது.

உதிர்ந்துபோன ‘சார்ஜ்’ என்ற பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. ‘கார்ருஸ்’ என்பது லத்தீனில் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதற்குப் பிற்கால லத்தீனில் ‘கார்ரிகாரே’ என்றார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘சார்ஜ்’ ஆயிற்று. ‘கார்’ என்ற சொல்லுக்கும் வேர் அதே ‘கார்ருஸ்’தான். பஸ் சார்ஜ், இன்சார்ஜ், சார்ஜ் ஷீட், செல்போன் சார்ஜ் என்று நம் பேச்சில் புழங்கும் அத்தனையும் ஏதோ ஒரு சுமையை ஏற்றுவதிலிருந்து விரிந்தவை. எஞ்சின் துறையில் ‘சார்ஜ்’ என்றால் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் ஏறும் காற்றும் எரிபொருளும். மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே டர்போசார்ஜரை ‘சுழல் மின்னேற்றி’ என்று பெயர்த்தால் அது பிழை.

ஏறும் காற்றுக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது, முழுதாக நிரம்பினால், 1.2 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ. அப்படியானால் உள்ளே போவது சுமார் 1.47 கிராம். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கில் 0.1 கிராம் பெட்ரோல் முழுதாய் எரியும். அதே வண்டி லடாக்கின் லே நகரில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், அதே 1.2 லிட்டரைத்தான் இழுக்கிறது. ஆனால் அதில் இருப்பது 1.04 கிராம் காற்று, எரிவது 0.07 கிராம் பெட்ரோல். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைகிறது என்று பலர் சொல்வது தவறு. விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். காற்றே அடர்த்தி குறைந்து நெகிழ்ந்துபோகிறது.

டர்போ இல்லாத, சமவெளியில் 100 குதிரைத்திறன் தரும் எஞ்சின் ஊட்டியில் 80-ஐ ஒட்டி நிற்கும், லேயில் 70, அதே லடாக்கில் 5,359 மீட்டர் உயரக் கர்துங் லாவில் 58. (‘லா’ என்றாலே லடாக்கி மொழியில் கணவாய்தான், ‘கர்துங் லா கணவாய்’ என்பது ‘நடுசென்டர்’ மாதிரி.) ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்; உயரம் கூடக்கூட இழப்பு அதைவிடச் சற்றுக் குறையும். விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் இதை மீட்டுத் தராது. குறைவது காற்று, எரிபொருளின் தரம் அல்ல.

மலையேறும்போது ‘வண்டிக்கு மூச்சு வாங்குது’ என்று நம் ஓட்டுநர்கள் சொல்வது உவமை அல்ல, அப்பட்டமான உண்மை.

டர்போ தன்னை நிரூபித்துக்காட்டியதும் இப்படி ஒரு மலையில்தான். 1918-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், லிபர்டி என்ற 12 சிலிண்டர் விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு, சுமார் 4,300 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். கீழே ஏறத்தாழ 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356. வேகத்துக்காக எதையும் கூட்டவில்லை. மலை பறித்துக்கொண்ட காற்றைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவே.

கருவியின் உள்ளே ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். ஒன்றை வெளியேறும் புகை சுழற்றும். மற்றது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி உள்ளே தள்ளும். சிறிய கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தொடும். அதைத் தாங்குவது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே.

அப்படியென்றால் டர்போ வண்டிக்கு மலை ஒரு பொருட்டே இல்லையா? அதுவும் சரியல்ல. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). டர்போ இன்னொரு 1 பார் கூட்டினால் சிலிண்டருக்குப் போவது 2 பார். லேயில் வெளிக்காற்றே 0.66 பார்தான். மிகுந்த புகையை ஒதுக்கிவிட்டு டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவான வேஸ்ட்கேட் வெறும் ஸ்பிரிங்கால் இயங்குவதாக இருந்தால் அங்கேயும் அதே 1 பாரைத்தான் கூட்டும், மொத்தம் 1.66. ஆக அழுத்தத்தில் இழப்பு 17 சதவீதம். டர்போ இல்லாத வண்டிக்கு இது இரு மடங்கு. கணினி கட்டுப்படுத்தும் வண்டி 2 பாரை எட்ட முயலலாம். அதற்குக் காற்றை இரண்டு மடங்குக்குப் பதில் மூன்று மடங்கு அழுத்த வேண்டும். இரண்டு மடங்கு அழுத்தும்போதே காற்றின் சூடு சுமார் 90 டிகிரி ஏறும். மூன்று மடங்கென்றால் 150 டிகிரியை ஒட்டி. தண்டும் வரம்பு மீறிச் சுழலும். எனவே வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் சொல்லும் கணக்கைப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு மேல் கணினியே போதும் என்று நிறுத்திவிடும்.

இதைவிடத் தொல்லை தரும் இடம் கொண்டை ஊசி வளைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே இருக்கும்போது சக்கரத்தைச் சுழற்றப் புகை போதாது. அந்த நிலையில் டர்போ இருந்தும் இல்லாத மாதிரிதான். சென்னையில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், கிளட்சை விட்டாலே நகரும் டீசல் கார், கர்துங் லா ஏற்றத்தில் அப்படியே அணைந்துபோவது இதனால்தான். இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து நடுவில் திணறுவதைவிட, நுழையும் முன்பே முதல் கியருக்கு இறக்கி 2,000 சுற்றுக்கு மேல் வைத்துக்கொள்வதே வழி. பாதிக் கிளட்சில் இழுத்தால் கருகல் வாசனைதான் மிஞ்சும். உச்சியில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லையென்றால் சூடேறிய தண்டைச் சுற்றி நிற்கும் ஆயில் கருகிப் படிந்துவிடும். பயணத்துக்கு முன் ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மூடி அழுத்தம் தாங்காவிட்டால் லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும்.

காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பழைய கருவியான கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு இன்னொரு சிக்கல். காற்று நெகிழும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. லே உயரத்தில் கலவை சுமார் 20 சதவீதம் கெட்டியாகி (பெட்ரோல் மிகுந்து), பிளக் கரி பிடிக்கும். பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றினால் புகை நிற்கும், ஆனால் போன திறன் வராது. கணினி இல்லாமல் பம்பே எரிபொருளை அளந்து தரும் பழைய டீசல் எஞ்சினில் இதே குறைதான் கரும்புகையாகத் தெரிகிறது.

இனி தமிழ்ப்பெயர். டர்பைனுக்கு விசையாழி, சுழலி ஆகிய இரண்டுமே வழங்குகின்றன. ஆழி என்றால் சக்கரம். விசையாழி அழகான சொல்தான், ஆனால் இன்னொரு சொல்லோடு சேரும்போது நீண்டுவிடுகிறது. ‘சார்ஜர்’ என்பதற்கு ‘மிகையூட்டி’ என்றால் எதை ஊட்டுகிறது என்பது விளங்காது. ‘வளியேற்றி’ மூலச்சொல்லின் பொருளுக்கு நெருக்கம். ஆனால் டயருக்குக் காற்றடிக்கும் கருவி என்றே காதில் விழும். என் தேர்வு ‘சுழலி வளியூட்டி’; பேச்சுக்கு வெறும் ‘வளியூட்டி’. மலைநகரத்தின் பெயர் அதற்குள் ஒளிந்திருப்பது தற்செயல். நினைவில் நிற்க உதவினால் நல்லதுதான். வளி நமக்குப் புதிய சொல் அல்ல. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறார்: காற்றை வேலை வாங்கியவன். எஞ்சின் தண்டோடு வாரால் பிணைத்துச் சுழற்றும் சூப்பர்சார்ஜரை ‘வார் வளியூட்டி’ என்று பிரித்துச் சொல்லலாம்.

அடிச்சொல் சரியாக அமைந்தால் மற்றவை தாமே வரும். பூஸ்ட் என்பது ஊட்டழுத்தம். டர்போ வேகமெடுக்கும் வரை காத்திருக்க வேண்டிய ‘டர்போ லேக்’ என்பது ஊட்டத் தாமதம். இன்டர்கூலருக்கு, பாலை ஆற்றுவது போலக் காற்றை ஆற்றுவதால், வளியாற்றி. வேஸ்ட்கேட்டுக்கு ‘கழிவு வாயில்’ என்று சொல்லுக்குச் சொல் வைக்கத் தேவையே இல்லை. ஏரி நிரம்பியதும் மிகுநீரைக் கரை உடையாமல் வெளியே விடும் அமைப்புக்குக் கலிங்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். மிகுந்த புகையைச் சக்கரத்தின் மேல் பாயவிடாமல் ஒதுக்கிவிடும் இந்தக் கதவு, புகைக் கலிங்கு.