ஸ்கூட்டர் மீட்டர் 60 காட்டினால் உண்மை வேகம் எவ்வளவு? விதி சொல்வது இதுதான்

தங்கச்சி மகன் புது ஸ்கூட்டர் எடுத்த மூணாம் நாளே போன் பண்ணினான். "மாமா, மீட்டர்ல 60 காட்டுது, செல்லுல ஜி.பி.எஸ். பாத்தா 54தான் வருது. நல்லா ஏமாத்திட்டாய்ங்க!" வண்டி எடுத்த இடத்தில் கேட்டிருக்கிறான். "எல்லா வண்டியும் அப்படித்தான் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். பதில் சரிதான். ஆனால் ஏன் அப்படி என்று ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் அவன் சண்டைக்குப் போயிருக்க மாட்டான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 117-ஆம் விதி வேகமானியைப் பற்றியது. ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வண்டி ஓடும் வேகத்தைக் காட்டும் கருவி இருக்க வேண்டும், அது ஐ.எஸ். 11827 என்ற இந்தியத் தரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. உலக அளவில் இதற்கு அடிப்படை ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் ஒழுங்குவிதி. அதன் கணக்கு விசித்திரமாக இருக்கும். மீட்டர் உண்மை வேகத்தைவிட ஒரு கிலோமீட்டர்கூடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் இன்னும் 4 கிலோமீட்டர் வரை.

போட்டுப் பாருங்கள். உண்மை வேகம் 50 என்றால் மீட்டர் 50-லிருந்து 59 வரை எதைக் காட்டினாலும் குற்றமில்லை. திருப்பிப் போட்டால், மீட்டரில் 60 இருக்கும்போது நீங்கள் வெறும் 51-இல் போய்க்கொண்டிருக்கலாம். மருமகனின் 54 அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. அவனை யாரும் ஏமாற்றவில்லை.

கம்பெனிகள் ஏன் கூட்டியே வைக்கின்றன? மீட்டர் வேகத்தை அளப்பதே இல்லை, சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது, அவ்வளவுதான். பல ஸ்கூட்டர்களில் முன் சக்கரத்திலிருந்து எண்ணிக்கை வரும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தயாரிப்பின்போதே முடிவாகிவிடும். 90/100-10 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.36 மீட்டர் போகும். டயர் 4 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால் சுற்றளவு சுமார் 2 சதவீதம் குறையும். அதே வேகத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், மீட்டர் இன்னும் கூட்டிக் காட்டும். காற்று இறங்கினாலும் அந்தப் பக்கம்தான் சாயும். பெரிய டயர் போட்டால் நேர் எதிர். 90/90-12 இருந்த சக்கரத்தில் "ரோடு கிரிப் நல்லா இருக்கும்ணே" என்று பஞ்சர் கடையில் 100/90-12 மாட்டிவிடுகிறார்கள் என்று வையுங்கள். சுற்றளவு 4 சதவீதம் ஏறிவிடும், மீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். இப்படி எந்தப் பக்கம் இழுத்தாலும் உண்மைக்குக் கீழே போய்விடக் கூடாது என்பதற்குத்தான் அந்த இடைவெளி.

சோதித்துப் பார்க்க விருப்பமா? செல்லில் ஜி.பி.எஸ். வேகம் காட்டும் ஆப் போதும், ஆனால் மதுரை மாசி வீதிகளில் கட்டடங்களுக்கு நடுவே அதை நம்பாதீர்கள். வானம் திறந்திருக்க வேண்டும், ரோடு நேராக இருக்க வேண்டும், வேகம் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு சமயநல்லூர் தாண்டி வாடிப்பட்டிப் பக்கம் நாலுவழிச்சாலைக்குப் போனேன். இடது ஓரம், மீட்டரில் 60, அசைக்காமல் பிடித்தேன். பின்னால் உட்கார்ந்தவன் ஒரு கிலோமீட்டர் கல்லில் ஸ்டாப்வாட்சை அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்தினான். உண்மையிலேயே 60 என்றால் 60 விநாடி ஆக வேண்டும். எங்களுக்கு வந்தது 67, 66, 67. 3,600-ஐ 67-ஆல் வகுத்தால் 53.7. செல் சொன்னதும் கல் சொன்னதும் ஒன்றுதான். ஓட்டுகிறவர் செல்லைப் பார்க்கவே கூடாது, பின்னால் இருப்பவர் வேலை அது.

தூரம் காட்டும் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வேகம் கூட்டிக் காட்டும் வண்டியிலும் தூரம் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும். எங்கள் நத்தம் ரோடு மேம்பாலம் 7.3 கிலோமீட்டர், ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இலவச சர்வீஸும் வாரண்டியும் இந்த எண்ணை வைத்துத்தான் என்பதால் இதில் பிசகு இருந்தால் விடக் கூடாது.

அடுத்து அபராதம். "மீட்டர்ல 55தான் சார் இருந்துச்சு" என்ற வாதம் எடுபடாது. மீட்டர் கூட்டிக் காட்டும் கருவி. ரேடார் 62 என்று பிடித்தால் உங்கள் மீட்டரில் 62-ஓ அதற்கு மேலோ இருந்திருக்க வேண்டும். 55தான் இருந்தது என்றால் ஒன்று நீங்கள் பார்க்கவில்லை, அல்லது டயரை மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் வேறு பாதுகாப்புகள் சட்டத்தில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவின்படி, "வேகமாக வந்தார்" என்று ஒரே ஒரு சாட்சி தன் கண் கணக்கில் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவியின் அளவு பின்னால் இருக்க வேண்டும். கேமரா மூலம் அபராதம் போடுவதற்கு 2021-இல் 167ஏ விதி வந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு தொடங்கும் இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சலானில் நம்பர் பிளேட் தெரியும் படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் எது இல்லை என்று பார்த்து வாதாடுவது பிரயோஜனம். ரேடார் கருவிகளும் எடைக்கல், தராசு போல எடையளவுச் சட்டத்தின் கீழ் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும் என்ற விதிகளை மத்திய அரசு 2025-இல் அறிவித்திருக்கிறது.

மீட்டர் வேலையே செய்யவில்லை என்றால்? பழைய வண்டிகளில் கேபிள் அறுந்து, முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும். அதுவும் விதிமீறல்தான். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது பார்க்கும் பட்டியலில் வேகமானியும் இருக்கிறது. கேபிளை மாற்றிவிட்டுப் போங்கள்.

புகார் கொடுக்க வேண்டிய இடம் வேறு. ஒரிஜினல் டயரோடு புது வண்டி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டினாலோ, முள் குதித்துக்கொண்டே இருந்தாலோ, மேலே சொன்ன கணக்கைத் தாண்டிக் கூட்டினாலோ அது பழுது. முதலில் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கொடுங்கள். ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "செக்கப்" என்று ஒரு வார்த்தை போட்டு முடிப்பார்கள், விடாதீர்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர்காரர்களுக்குத் தனியாக ஒன்று. விளம்பரத்தில் ஐ.டி.சி. (இந்தியன் டிரைவிங் சைக்கிள் என்ற சோதனை ஓட்டம்) என்று போடும் தூரம், ஒரு சார்ஜில் வண்டி போகும் தூரம்தான்; உருளை மேல் வண்டியை வைத்து 108 விநாடி ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி அளந்தது. அதில் அதிகபட்ச வேகமே 42 கிலோமீட்டர்தான். சிம்மக்கல் நெரிசலில் வீட்டுக்காரம்மாவையும் அரிசி மூட்டையையும் ஏற்றிப் போகும் கணக்கு அதில் கிடையாது. லைசென்ஸ் வேண்டாம் என்று விற்கும் சின்ன வண்டிகள் வேறு ரகம்: வேகம் 25-க்குக் குறைவு, மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, அதனால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். "ஸ்பீடு லாக் எடுத்துத் தர்றோம், 45 போகும்" என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். லாக் எடுத்த அந்த நிமிஷமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம், ஓட்டுகிற பிள்ளைக்கு லைசென்ஸும் இருக்காது.

மருமகன் போன வாரம் மறுபடி போன் பண்ணினான், குரலில் அவ்வளவு சந்தோஷம். "மாமா, இப்ப மீட்டரும் செல்லும் ஒண்ணா காட்டுது." முன்னாடி என்ன டயர் மாட்டியிருக்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.