ராகிக் கொல்லைக்கு வரும் யானைகள் பெருகிவிட்டனவா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் ராகி கதிர் வாங்கும் நேரத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "யானை பெருத்துப் போச்சு." ராத்திரி முழுக்கப் பரணில் காவல் கிடப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது, அதை யாரும் லேசாகப் பேசக்கூடாது. ஆனால் கண்ணில் அதிகம் படுவதால் மட்டும் காட்டில் யானை கூடிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. யானை சட்டென்று பெருகவே முடியாத விலங்கு. சினைக்காலமே 22 மாதம் வரை, அடுத்த குட்டிக்கு நான்கைந்து வருடம் ஆகும்.

அப்படியானால் என்னதான் மாறியது? இடம் மாறியது. பெங்களூரு அருகே இருக்கும் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, அஞ்செட்டி வழியாகக் காவிரிக்கரை வரை போகும் காட்டை ஒட்டியும் ஊடாகவும் கொல்லை, சாலை, வீடு என்று வந்துவிட்டன. காடு துண்டாகத் துண்டாக அதன் ஓரம் நீண்டுகொண்டே போகும், அதாவது யானையும் பயிரும் எதிரெதிரே நிற்கும் இடம் கூடும். காட்டுக்கு உள்ளேயோ உன்னிச்செடி (லாண்டானா என்ற களைச்செடி) புதராக மண்டிப் புல்லை வளரவிடுவதில்லை. போதாததற்கு, மழை ஓய்ந்ததும் காட்டுப்புல் முற்றி, அதில் புரதம் குறைந்துவிடுகிறது, அதே சமயத்தில்தான் வெளியே ராகி கதிர் பிடித்து நிற்கிறது, புரதம், கால்சியம், சோடியம் எல்லாமே காட்டுப்புல்லைவிட அதிகமாக. ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தேடும் விலங்கு எந்தப் பக்கம் போகும்?

துணிந்து வருவது பெரும்பாலும் ஆண் யானைகள். நல்ல தீனி கிடைத்தால் உடம்பு தேறும், உடம்பு தேறினால் இணை சேரும் வாய்ப்பு கூடும். பெண் யானைகள் குட்டிகளோடு இருப்பதால் பொதுவாக ஒதுங்கியே போகும். வழக்கமாகத் தனித்துத் திரியும் ஆண்கள், விவசாயப் பகுதிகளில் பெரிய கூட்டமாகச் சேர்ந்து வாழ்வதாக 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. கொல்லையில் ஒரே ராத்திரி பல யானைகள் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணிக்கையை உண்மையில் தீர்மானிப்பவை பெண் யானைகள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. ஒரு பெண் யானை இன்னும் இருபது வருடம் குட்டி போட்டிருந்தாலும் அதிகபட்சம் நான்கைந்துதான் பிறந்திருக்கும். அத்தனையும் அந்த ஒரே ராத்திரியில் போனது.