சாயநீரில் மரத்தூள்: நிறம் போனால் மட்டும் போதுமா?

நீல நிறத் தண்ணீரில் மரத்தூளைப் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரத்தில் அது தெளிந்துவிடுவதைக் காட்டும் செய்முறையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஏமாற்று ஏதும் இல்லை. சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்வதால், "இவ்வளவு சுலபமென்றால் ஆலைகளில் ஏன் இதைச் செய்வதில்லை?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

அந்தச் செய்முறையில் பெரும்பாலும் இருப்பது மெத்திலீன் நீலம். தண்ணீரில் கரைந்ததும் அது நேர்மின் சுமையோடு இருக்கும். மரத்தூள், உமி, கடலை ஓடு, பழத்தோல் போன்றவற்றின் பரப்பில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளோ சாதாரணத் தண்ணீரில் எதிர்மின் சுமை பெறுகின்றன. அதனால் சாயம் போய் ஒட்டிக்கொள்கிறது. இதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். அதே தண்ணீரில் அமிலம் விட்டு பிஎச் அளவை (அமிலம், காரம் இவற்றைக் காட்டும் அளவு; குறைந்தால் அமிலம், உயர்ந்தால் காரம்) 2 அல்லது 3க்கு இறக்கிப் பாருங்கள், பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

பருத்தித் துணிக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களின் கதை வேறு. அவை எதிர்மின் சுமை கொண்டவை. துணியில் ஏற்றுவதற்காக உப்பும் காரமும் வேறு சேர்ப்பதால், வெளியே வரும் நீரின் பிஎச் உயர்ந்தே இருக்கும். பதப்படுத்தாத மரத்தூள் அங்கே அநேகமாக ஒன்றும் செய்யாது. அமிலம் சேர்த்து பிஎச்சைக் குறைத்தோ, மரத்தூளையே கிளர்வூட்டிய கரியாக (நுண்துளைகள் நிறைந்த கரி) மாற்றியோதான் நிறத்தைப் பிடிக்க முடியும். அப்போதும் கரைந்திருக்கும் உப்பு போகாது. நிறம் போன நீரில், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, கழுவாத மரத்தூளிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் கசிந்து தண்ணீரைப் பழுப்பாக்கும், சிஓடி அளவும் (நீரிலுள்ள கரிமப் பொருளைக் காட்டும் மாசு அளவு) ஏறும். வெந்நீரில் பலமுறை அலசி, காயவைத்து, சலித்த பிறகே பயன்படுத்த வேண்டும். மாவாக அரைத்தால் வேகமாக வேலை செய்யும், ஆனால் வடிகட்டும்போது உயிரை வாங்கும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதற்கு அடுத்த கட்டம்தான். சாயம் எங்கும் அழிந்துவிடவில்லை, தூளுக்குள் இருக்கிறது. அந்தத் தூளைச் செடிக்கு உரமாகப் போடலாம் என்று சிலர் சொல்வது ஆபத்தானது. மழைநீரும் மண்ணின் அமிலத்தன்மையும் சாயத்தை மறுபடி விடுவிக்கலாம். அசோ சாயங்கள் (இரு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த பிணைப்பைக் கொண்ட சாய வகை) காற்றில்லாத சூழலில் உடைந்து அரோமாட்டிக் அமீன்கள் என்ற சேர்மங்களாகும். அந்த வகையைச் சேர்ந்த காங்கோ சிவப்பு உடைந்தால் கிடைப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பென்சிடின். திறந்தவெளியில் எரிப்பதும் கூடாது.

அதற்காக இந்த முறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புக்குப் பிறகு மிச்சமிருக்கும் லேசான நிறத்தை நீக்க, என்ன சாயம் என்று தெரிந்த இடங்களில், இது நன்றாகவே கைகொடுக்கும். ஆய்வகத்தில் செய்து பார்க்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்திய தூளை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, சாயத்தின் பெயரை எழுதி ஒட்டி, அபாயகரக் கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். தெளிந்த நீரை யாரும் குடிக்கவோ, விலங்குகளுக்கு வைக்கவோ வேண்டாம்.