தேடல் பெட்டியில் முழுக் கேள்வியைப் போடாதீர்கள்

நூலக மேசைக்கு வரும் ஆய்வு மாணவர்கள் பலரும் சொல்வது இதுதான்: "என் தலைப்பில் யாருமே எழுதலை." பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். வேறு சொற்களில் எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

"இரவில் செல்போன் பார்ப்பதால் மாணவர்களின் தூக்கம் கெடுகிறதா?" என்று ஒருவர் அப்படியே கூகுளில் போடுகிறார் என்று வையுங்கள். செய்திகளும் விளம்பரங்களும் வந்து குவியும். அதுவும் 'கெடுகிறதா' என்று கேட்டதால், கெடுகிறது என்று சொல்லும் பக்கங்களே முந்திக்கொள்ளும். கேள்வியை உடையுங்கள்: செல்போன், தூக்கம், மாணவர். ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் வழங்கும் பெயர்களைத் தாளில் எழுதுங்கள். செல்போனுக்கு ஸ்மார்ட்போன், ஸ்கிரீன் டைம். மாணவருக்கு அடோலசென்ட், டீனேஜர். ஒரே பொருளுள்ள சொற்களுக்கு நடுவே 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடையுங்கள்.

சில தரவுத்தளங்கள் இந்த வேலையில் பாதியை முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றன. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் 'மெஷ்' என்ற சொற்பட்டியல் உண்டு. மாரடைப்புக் கட்டுரைகள் அங்கே 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கல்வியியலுக்கு 'எரிக்' தளத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது.

சரி, பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்துவிட்டது. உடனே அடுத்த தேடலுக்கு ஓடாதீர்கள். அதன் துணைநூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப் போகும். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் 'சைட்டட் பை' முன்னோக்கிப் போகும்: அதை மேற்கோள் காட்டியவர்கள், மறுத்தவர்கள் எல்லாரும் அங்கேதான். அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேட ஒரு கட்டமும் உண்டு. அதை டிக் செய்து 'தூக்கம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால், நூற்றுக்கணக்கில் இருந்தது கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருங்கும். என்னைக் கேட்டால், ஸ்காலரில் இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை. கட்டுரைக்குப் பணம் கேட்கிறதா? 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்திப் பாருங்கள். இலவசப் பிரதி பல நேரம் அங்கே கிடைக்கும்.

மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது; 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது, பெரும்பாலும் கண்டிப்பதற்காக. கட்டுரைகளைச் சேர்த்து வைக்க உதவும் ஜோடெரோ மென்பொருளில் அவற்றைச் சேமித்தால், திரும்பப் பெறப்பட்டவற்றை அதுவே எச்சரித்துக் காட்டும்.

அப்புறம் செயற்கை நுண்ணறிவு. கட்டுரைகள் கேட்டால் ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, டிஓஐ எண் (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) என்று அச்சு அசலாகக் கொடுக்கும். கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில், செயற்கை நுண்ணறிவு இப்படிக் கொடுத்த இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. செயற்கை நுண்ணறிவு கொடுக்கும் டிஓஐ எண்ணை டிஓஐ.ஆர்க் தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டாலோ வேறு கட்டுரை திறந்தாலோ, தலைப்பை ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்படியும் அகப்படாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தளம், எந்தத் தேதி, தட்டிய சொற்கள், வந்த முடிவுகளின் எண்ணிக்கை. ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் முறையான மீள்பார்வைக் கட்டுரை எழுதுகிறவர்களிடம் பிரிஸ்மா நெறிமுறை இதைத்தான் கேட்கிறது. ஒன்றுமே கிடைக்காத தேடலையும் அதில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் சில மாதம் கழித்து அதையே மறுபடியும் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.