பிசிஷன் அசிஸ்டன்ட் கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன்

போன மாதம் பிரஷர் கிளினிக் நாளில் ஓர் அம்மா தன் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுப்பிரசுரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். மகளும் கூட வந்திருந்தாள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாளாம்.

"மிஸ், இது டொக்டருக்கு அடுத்த வேலையாமே? எட்டு மாசத்துல முடிஞ்சிடுமாம். சேத்து விடவா?"

பிரசுரத்தில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பிசிஷன் அசிஸ்டன்ட் டிப்ளோமா. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வேலை. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். அந்த அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த ஈபிஎஃப் காசில் பாதியை இதற்குக் கட்டலாம் என்று யோசித்திருந்தார். அன்று வரிசை நீளமாக இருந்ததால் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பத்தொன்பது வருடமாகத் தாதி உத்தியோகத்தராக இருக்கிறேன். இதே கேள்வியோடு வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள்.

முதலில், பிசிஷன் அசிஸ்டன்ட் என்பது பொய்யான வேலை இல்லை. உலகத்தில் மதிப்பான தொழில்களில் அதுவும் ஒன்று. 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டொக்டர் யூஜின் ஸ்டெட் இதைத் தொடங்கினார். டொக்டர்மாருக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக வேலை செய்து திரும்பிய நாலு பேர்தான் முதல் வகுப்பு. நோயாளியிடம் விவரம் கேட்பது, உடம்பைப் பரிசோதிப்பது, டெஸ்ட்டுக்கு எழுதுவது, தையல் போடுவது, ஒப்பரேஷனில் சேர்ஜனுக்குத் துணை நிற்பது என்று டொக்டர் செய்யும் வேலையின் பெரும் பகுதியை இவர்கள் செய்கிறார்கள். அமெரிக்காவில் மருந்தும் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே அதற்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும். நோயாளிகளோடு வேலை செய்த அனுபவத்தையும் பெரும்பாலும் எதிர்பார்க்கிறார்கள். அதற்கு மேல் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான முதுமாணிப் படிப்பு, பிறகு தேசிய அளவில் ஒரு பரீட்சை, கடைசியாக அனுமதிப்பத்திரம். எட்டு மாதத்தில் முடிகிற விஷயம் இல்லை.

இரண்டாவது, இலங்கையில் இந்தப் பெயரில் அரசாங்கப் பதவி கிடையாது. நம் ஆஸ்பத்திரிகளில் அந்த வேலையை உள்ளகப் பயிற்சி டொக்டர்மாரும் மருத்துவ அதிகாரிகளும் செய்கிறார்கள். கொஞ்சம் நாங்கள் செய்கிறோம். இலங்கை மருத்துவ சபை டொக்டர்மாரை மட்டும் பதிவதில்லை. மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், எக்ஸ்ரே எடுப்பவர், பிசியோதெரபிஸ்ட், மருத்துவிச்சி என்று பலருக்கும் அங்கே தனித்தனிப் பதிவேடு இருக்கிறது. தாதியருக்குத் தனியாக ஒரு சபை உண்டு. பிசிஷன் அசிஸ்டன்ட்டுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

அதனால் எந்த மருத்துவக் கோர்ஸ் என்றாலும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: "இதை முடித்தால் என் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்?" இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் வரவில்லை என்றால் அங்கே ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பதிவு என்பது வெறும் கடதாசி வேலை இல்லை. தவறு நடந்தால் நோயாளி யாரிடம் போய் முறையிடுவது, உங்களை யார் காப்பாற்றுவது, ஊசி போட உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கோர்ஸ் முடித்த பிள்ளை வேலை கேட்டு எங்கள் வார்டுக்கு வந்தாள். தங்க எழுத்தில் அச்சடித்து லாமினேட் செய்த சான்றிதழ். படித்த இடத்தில் பிரஷர் பார்க்கவும் ஊசி போடவும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊசியையும் பொம்மைக்குத்தான் போட்டிருந்தாள். அந்தச் சான்றிதழோடு அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது என்று நான் சொன்னபோது அவள் அழவில்லை. சான்றிதழைத் திரும்பக் கவருக்குள் போட்டாள். அது மடங்காமல் இருக்க உள்ளே ஒரு மட்டையும் வைத்திருந்தாள். இன்று ஒரு தனியார் கிளினிக்கில் நம்பர் துண்டு எழுதுகிறாள். கோர்ஸுக்காக அடகு வைத்த அம்மாவின் தோடு ஏலத்தில் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நம் ஊரில் இந்தப் பெயர் இவ்வளவு சுலபமாக எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். டொக்டராக இல்லாமலே டொக்டர் வேலை பார்த்த ஒருவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்து டிஸ்பென்சரைத்தான் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எங்களுக்கு அவர் 'டொக்டர் ஐயா'. காய்ச்சல் என்றால் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். சிவப்பு மிக்சரை ஊற்றி, ஒரு கடதாசித் துண்டை மடித்துக் கத்தரியால் ஓரத்தில் வெட்டி, போத்தலில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரைக்கும் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மாயி அந்த வெட்டைப் பார்த்துத்தான் எனக்கு மருந்து கொடுத்தார். பிரசவம், வெட்டுக்காயம், குளவிக் கொட்டு, எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் ஆள். தோட்டத்தில் வைத்திய வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்திய துரைமாருக்குச் சட்டம் போட்டது வெள்ளைக்காரன் காலத்தில். அந்த ஏற்பாட்டில் வந்தவர்கள்தான் இவர்கள். பிறகு எஸ்டேட் மெடிக்கல் அசிஸ்டன்ட் என்று பெயர் வந்தது.

அரசாங்கப் பக்கமும் இதே மாதிரி உதவி வைத்திய அதிகாரிகள் இருந்தார்கள். ஒரு காலத்தில் அப்போத்திக்கரி என்று அழைக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள். சேவைக்காலத்துக்குப் பிறகு ஆர்எம்பி (பதிவு பெற்ற வைத்தியர்) என்று பதிவாகித் தனியாகவும் வைத்தியம் பார்த்தார்கள். 1990களில் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் பிசிஷன் அசிஸ்டன்ட்டுக்குக் கிட்டே வரக்கூடிய பாதை அதுதான், அது இப்போது மூடிக் கிடக்கிறது. அதைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். பஸ் போகாத மேல் டிவிஷன்களுக்கு எத்தனை டொக்டர்மாரை அனுப்ப முடியும்? ஆனால் திறக்கும் வரைக்கும், திறந்திருப்பதாகச் சொல்லி விற்பவர்களிடம் ஏமாறக் கூடாது.

சரி, இந்தியாவுக்குப் போய்ப் படித்தால்? ஏஜென்சிக்காரர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். இந்தியாவில் இந்தப் படிப்பு 1992இல் சென்னையில் ஓர் இதய ஆஸ்பத்திரியில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் நிறையக் கல்லூரிகளில் பிஎஸ்சி பிசிஷன் அசிஸ்டன்ட் இருக்கிறது. பொதுவாக மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்க்கப்பட்டது. அங்கே பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் இவர்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது. பைபாஸ் சத்திரசிகிச்சைக்குக் காலிலிருந்து இரத்தக் குழாயை எடுத்துக் கொடுக்கும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

நல்ல படிப்புத்தான். ஆனால் முடித்துவிட்டு ஹட்டனுக்கோ பதுளைக்கோ திரும்பி வந்தால் மேலே சொன்ன அதே சிக்கல்: பதவியும் இல்லை, பதிவேடும் இல்லை. இந்தியாவில் வேலை செய்ய வேண்டுமென்றால் வேலை வீசா வேண்டும். அந்தப் பட்டத்தை வைத்து அமெரிக்காவில் பிசிஷன் அசிஸ்டன்ட்டாகவும் முடியாது. அவர்களுடைய பரீட்சை எழுத, அவர்கள் அங்கீகரித்த படிப்பையே முடித்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 2024 டிசம்பரில்தான் இந்தத் தொழிலை அவர்களுடைய மருத்துவ சபையின் கீழ் கொண்டு வந்தார்கள். இவர்கள் எதுவரை செய்யலாம் என்று அங்கே இன்னமும் பெரிய வாதம் நடக்கிறது. இந்திய அரசாங்கத்தின் புலமைப்பரிசிலில் போகலாம் என்று யாராவது சொன்னால், இலங்கைப் பிள்ளைகளுக்கான அந்தப் பட்டப்படிப்புப் புலமைப்பரிசில்கள் மருத்துவத்துக்கும் துணை மருத்துவத்துக்கும் பொருந்துமா என்று உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலையே வாசித்துப் பாருங்கள். ஏஜென்சியின் வாய்ப்பேச்சு போதாது.

இனி திறந்திருக்கிற கதவுகளைப் பற்றி. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி என்றால் முதலில் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தைத்தான். பேராதனையில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், பிசியோதெரபி, ரேடியோகிராபி எல்லாம் நாலு வருடப் பட்டப்படிப்புகள். யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இவற்றில் சில இருக்கின்றன. கலைப்பிரிவைத் தவிர்த்த பெரும்பாலான படிப்புகளுக்கு 40 வீதம் இடம் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்குப் போதாத இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் புள்ளி) நம் பிள்ளைக்குப் போதுமானதாக இருக்கலாம். இது தெரியாமல், "எனக்கு மெடிசின் கிடைக்காது" என்று சொல்லி விண்ணப்பமே போடாமல் விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவ பீடத்துக்குக் கீழே பத்து வரி தள்ளி இருக்கிற படிப்புகளைப் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் யாரும் அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சி இருக்கிறது. நான் வந்த வழி இதுதான். மூன்று வருடம், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. கண்டியிலும் பதுளையிலும் தாதியர் கல்லூரிகள் இருக்கின்றன. நீங்கள் காசு கட்டிப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு அவர்கள் காசு தருகிறார்கள். இந்த வித்தியாசத்தை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. மருத்துவிச்சி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிகளும் இப்படித்தான். லயங்களுக்குப் போய்த் தமிழில் பேசிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவிச்சிமார் எங்கள் பக்கம் போதாது. மொழி தெரியாததால் தாய் சொன்னது ஒன்றாகவும் பதிவில் எழுதியது வேறாகவும் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு நம் பிள்ளைகள் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அப்புறம், சிங்களமும் பேசப் பழகுங்கள். வார்டில் அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கு என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது. வயோதிபரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அது நேர்மையான பாதை. இங்கே ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் சேரப்போகும் கோர்ஸ் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. முன்னதைச் சுவரில் மாட்டிவைத்து, பின்னதைப் பற்றிப் பேசாமல் இருக்கும் இடங்கள் இருக்கின்றன. கோர்ஸின் பெயரைச் சொல்லி, அதற்கு என்விகியூ எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, யாரும் பிரசுரத்தில் போடாத ஒரு விஷயம். அன்று கிளினிக்குக்கு அம்மாவோடு வந்த மகளின் சாதாரண தரச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் அப்பாவின் பெயர் 'லெட்சுமணன்', மற்றதில் 'லச்சுமன்'. அவளுடைய பெயரிலும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம். தோட்டத்தில் பிறப்பைப் பதியும்போது சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர். நேர்முகப் பரீட்சையில் இந்த ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பிரதேச செயலகத்தில் போய்த் திருத்த விண்ணப்பம் கொடுத்தால் ஆக வேண்டிய காரியம்தான், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். பயிற்சிகளுக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், விண்ணப்ப முடிவுத் திகதி யாருக்காகவும் நிற்காது. அதனால் அந்த அம்மாவிடம், அடுத்த கிளினிக்குக்கு வரும்போது துண்டுப்பிரசுரம் வேண்டாம், பெயர் திருத்த விண்ணப்பம் கொடுத்த ரசீதைக் கொண்டு வாங்க அக்கா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.